தன்பாலீர்ப்பாளர் தாக்கப்பட்டார் என்று செய்தி வந்தால்: முழு விவரம் தெரியும்வரை என்ன செய்வது?

2021-இல் ஸ்பெயினிலிருந்து இரண்டு மாத இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன.

முதலாவது ஜூலை 3 அன்று நடந்தது. வடமேற்குக் கடலோர நகரமான ஆ கொருன்யாவில், விடியும் நேரத்தில், ஒரு கிளப்பின் வெளியே 24 வயது சாமுவேல் லூயிஸ் அடித்தே கொல்லப்பட்டார். செவிலிய உதவியாளராக வேலை பார்த்தவர். அவரும் உடனிருந்த தோழியும் கைபேசியில் வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் வந்த ஓர் இளைஞன் தன்னைத்தான் படம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். தன்பாலீர்ப்புள்ள ஆண்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லைச் சொல்லி, நிறுத்தாவிட்டால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டி அடிக்க ஆரம்பித்தான். அவன் கூட்டாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். செனகல் நாட்டிலிருந்து வந்து அந்த ஊரில் பிழைத்துவந்த இரண்டு பேர் குறுக்கே பாய்ந்து தடுக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

இரண்டாவது செப்டம்பர் 5, தலைநகர் மாட்ரிட். முகத்தை மறைத்துக்கொண்ட 8 பேர் தன்னை வீட்டு வாசலில் மடக்கி, அதே வசைச்சொல்லைக் கத்தியால் உடலில் கீறினார்கள் என்று 20 வயது இளைஞர் ஒருவர் போலீஸில் புகார் கொடுத்தார். நாடே கொதித்தது. பிரதமர் பெத்ரோ சான்செஸ் வெறுப்புக் குற்றங்களை (ஒருவருடைய அடையாளத்தின் மீதுள்ள வெறுப்பால் நடக்கும் குற்றங்களை) கவனிக்கும் குழுவை அவசரமாகக் கூட்டச் சொன்னார். மூன்றாம் நாள், செப்டம்பர் 8 அன்று, அது தன் சம்மதத்தோடு ஏற்பட்ட காயம் என்று அந்த இளைஞரே போலீஸிடம் ஒப்புக்கொண்டார்.

செய்தி வந்த அன்று படித்தவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். ஒன்று நடந்த கொலை, இன்னொன்று நடக்காத தாக்குதல் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்த "பிறகு" வருவதற்கு முந்தைய நாட்களைப் பற்றியது. செய்தித் தளங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) குழுக்களின் பக்கங்களை நடத்தத் தொடங்கியிருப்பவர்கள், குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் "இது உண்மையா பாரேன்" என்று கேட்கப்படுகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் உடனே நம்பியாக வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நடுநிலை என்றால் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. ஆதரவாக நின்றுகொண்டே, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முடியும்.

படி 1: மூன்று கேள்விகளைத் தனித்தனியாக வையுங்கள்

என்ன நடந்தது? யார் செய்தார்கள்? ஏன் செய்தார்கள்? ஒரு தாளில் மூன்று வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இதுவரை தெரிந்ததை மட்டும் குறியுங்கள். முதல் வரிக்குப் பதில் பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்துவிடும். இரண்டாவதற்குச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். மூன்றாவதற்கு வருடக்கணக்கிலும் ஆகலாம்.

ஆ கொருன்யாவை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் நாளே முதல் வரி நிரம்பிவிட்டது. உடல் இருந்தது, கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள், தெருக் கேமராக்கள் இருந்தன. மூன்றாவது வரியில்தான் சண்டையே. வசைச்சொல்லைக் காதால் கேட்டோம் என்று நண்பர்கள் சொன்னார்கள். காரணத்தை இப்போதே முடிவுகட்ட வேண்டாம் என்று அரசுத் தரப்பு கேட்டுக்கொண்டது. அதற்குள் ஸ்பெயின் முழுக்க ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கிவிட்டார்கள்.

தெருவில் இறங்கியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஓர் இளைஞன் நடுத்தெருவில் அடித்துக் கொல்லப்பட்டிருக்கிறான், அடிக்கும்போது என்ன சொன்னார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. துக்கப்படவும் கோபப்படவும் அது போதும். குற்றவாளி யார், அவர் மனதில் என்ன இருந்தது என்று தீர்ப்பு எழுதத்தான் அது போதாது.

அந்தத் தீர்ப்பு வர மூன்றரை வருடம் ஆனது. 2024 நவம்பரில் ஜூரி நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. ஐந்தாவதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலையானார். 2025 ஜனவரியில் தண்டனை அறிவிக்கப்பட்டபோது, பாலீர்ப்பு (யார்மீது ஈர்ப்பு என்பது) மீதான வெறுப்பு என்ற, தண்டனையைக் கூட்டும் காரணம் நால்வரில் ஒருவர்மீது மட்டுமே வைக்கப்பட்டது. தாக்குதலைத் தொடங்கிவைத்த அவருக்கு 24 ஆண்டுச் சிறை. மற்ற இருவருக்கு 20 ஆண்டும் அதற்குச் சற்று மேலும் கிடைத்தது. அந்த இருவரில் ஒருவர்மீது சாமுவேலின் கைபேசியைப் பறித்த குற்றமும் சேர்ந்திருந்தது. உடந்தையாக இருந்த நான்காமவருக்கு 10 ஆண்டு. ஒரே தெருவில், சில நிமிடங்களில் நடந்த ஒரே கொலையில் ஒருவரை வெறுப்பு இழுத்திருக்கிறது, இன்னொருவர் கூட்டத்தோடு சேர்ந்து அடித்திருக்கிறார், இன்னொருவர் அடித்ததோடு திருடவும் செய்திருக்கிறார். "வெறுப்பா, இல்லையா?" என்ற ஒற்றைக் கேள்வியில் இதெல்லாம் அடங்காது.

படி 2: செய்தி எத்தனை கால்களில் நிற்கிறது என்று எண்ணுங்கள்

இருபது தளங்களில் வந்திருக்கிறது என்பதால் இருபது ஆதாரம் ஆகிவிடாது. இருபதும் ஒரே செய்தி நிறுவனத்தின் ஒரே பத்தியைப் பார்த்து எழுதியவையாக இருக்கலாம். ஒவ்வொரு தகவலுக்கும் முதலில் சொன்னவர் யார் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். பாதிக்கப்பட்டவரா, நேரில் பார்த்தவரா, மருத்துவமனையா, போலீஸா, வழக்கறிஞரா, அல்லது "சமூக வலைத்தளங்களில் பரவிவருகிறது" என்பதுதான் மூலமா?

இப்படி எண்ணினால் ஸ்பெயினின் இரண்டு செய்திகளுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஆ கொருன்யாச் செய்தி பல கால்களில் நின்றது. மாட்ரிட் செய்தி ஒரே ஒருவர் சொன்னதில் நின்றது. மாலை வெளிச்சத்தில், ஆள் நடமாட்டமுள்ள பகுதியில் 8 பேர் வந்து போயும் பார்த்தவர் ஒருவரும் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒற்றைக் காலில் நிற்பதால் ஒரு செய்தி பொய்யாகிவிடாது. இந்த மாதிரித் தாக்குதல்கள் பல, யாரும் பார்க்காத இடத்தில்தான் நடக்கின்றன. டேட்டிங் ஆப்பில் பேசி வரவழைத்து, பூட்டிய அறைக்குள் அடித்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் நம் ஊர்களிலும் உண்டு. அங்கே சாட்சிக்கு எங்கே போவது? அதே மாதிரி, "கதை விசித்திரமாக இருக்கிறதே" என்பதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையான கொடுமைகள் பல நேரம் நம்ப முடியாதபடிதான் இருக்கும். ஒற்றைக் கால் என்று தெரிந்தால், அந்த ஒருவர் சொன்னதாகவே எழுதுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். அவ்வளவுதான்.

படி 3: சம்பவம் நடந்த ஊரின் பத்திரிகைக்குப் போங்கள்

டெல்லியிலோ லண்டனிலோ எழுதப்பட்ட சுருக்கத்தைவிட அந்த ஊர்ப் பத்திரிகை எப்போதும் மேல். ஆ கொருன்யா என்றால் லா வோஸ் தெ கலீசியா. மொழி தெரியாவிட்டாலும் உலாவியில் இருக்கும் மொழிபெயர்ப்பே முதல் பார்வைக்குப் போதும். தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோவோ படமோ கூட வந்தால், அதைப் படத்தேடலில் போட்டு வேறு வருடத்தில், வேறு நாட்டில் ஏற்கெனவே வந்ததா என்று பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது.

படி 4: போலீஸ் சொல்லிவிட்டதால் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. "இது வெறுப்புக் குற்றம்" என்று ஒரு அமைப்பு சொன்னால் ஆதாரம் கேட்கிறோம். "இது வெறுப்புக் குற்றம் இல்லை" என்று போலீஸ் சொன்னால் அப்படியே தலைப்பாக்கிவிடுகிறோம். இரண்டுமே ஒருவர் சொன்ன கூற்றுதான்.

1988 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், மேன்லி பகுதியில் நார்த் ஹெட் என்ற கடலோரச் செங்குத்துப் பாறையின் அடியில் 27 வயது ஸ்காட் ஜான்சனின் உடல் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து வந்து கணிதத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். மேலே அவருடைய உடைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. தற்கொலை என்று போலீஸ் முடிவுக்கு வந்தது. 1989-இல் மரண விசாரணையும் அதையே சொன்னது. அந்தப் பாறைப் பகுதி தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் சந்திக்கும் இடம் என்பதும், அந்த வருடங்களில் அப்படிப்பட்ட இடங்களைத் தேடிப்போய் அடிக்கும் இளைஞர் கும்பல்கள் சிட்னியில் இருந்தன என்பதும் அந்த முடிவில் இடம்பெறவில்லை.

அண்ணன் ஸ்டீவ் ஜான்சன் விடவில்லை. 2012-இல் நடந்த இரண்டாவது விசாரணை தற்கொலை என்ற முடிவை நீக்கி, காரணம் தெரியவில்லை என்றது. 2017-இல் மூன்றாவது விசாரணை, அவரைத் தன்பாலீர்ப்பாளர் என்று கருதியவர்களின் தாக்குதலாலோ மிரட்டலாலோ அவர் விழுந்து இறந்தார் என்று சொன்னது. 2020-இல் ஒருவர் கைதானார். 2023-இல் அவர் மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு 9 ஆண்டுத் தண்டனை பெற்றார். முதல் முடிவுக்கும் தண்டனைக்கும் நடுவே ஏறக்குறைய 34 வருடம். அந்தக் காலம் முழுக்க "போலீஸ் சொல்லிவிட்டது" என்று எழுதியவர்கள் எல்லோரும் தவறான தகவலைத்தான் எழுதியிருந்தார்கள்.

சமீபத்திய உதாரணமும் இருக்கிறது. 2025 ஜூன் 1 அன்று அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் நடிகர் ஜோனதன் ஜாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் தன்பாலீர்ப்பாளரைப் பழிக்கும் சொற்களைக் கத்தினார் என்று அவருடைய கணவர் சொன்னார். பாலீர்ப்புக்கும் கொலைக்கும் தொடர்பிருப்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று போலீஸ் உடனே அறிக்கை விட்டது. சில நாட்களிலேயே நகரப் போலீஸ் தலைவர் வில்லியம் மெக்மேனஸ், அவ்வளவு சீக்கிரம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று மன்னிப்புக் கேட்டார். போலீஸாரும் அவசரப்படுவார்கள். "ஆதாரம் இதுவரை கிடைக்கவில்லை" என்பதையும் "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்பதையும் அவர்களும் குழப்பிக்கொள்கிறார்கள்.

படி 5: அந்த ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

"வெறுப்புக் குற்றமாகப் பதிவாகவில்லை" என்பதன் பொருள் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயினில் குற்றவியல் சட்டத்தின் 22ஆவது பிரிவில் பாலீர்ப்பு மீதான பாகுபாடு தண்டனையைக் கூட்டும் காரணமாக இருக்கிறது. அமெரிக்காவில் 2009-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் பாலீர்ப்பைச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, 5 பேரோ அதற்கு மேலோ கூட்டாகச் சேர்ந்து கொலை செய்வதைப் பற்றிப் பேசும்போது இனம், சாதி, பாலினம், மொழி போன்ற காரணங்களை வரிசைப்படுத்துகிறது. பாலீர்ப்பு அந்த வரிசையில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையிலும் இதற்கென்று தனிக் கணக்கு இல்லை. அதனால் இங்கே நடந்த ஒரு சம்பவத்தில் "எஃப்ஐஆரில் அப்படி எதுவும் இல்லையே" என்று யாராவது சொன்னால், அதை வைத்து நீங்கள் எந்த முடிவுக்கும் வர முடியாது. எழுதுவதற்கு அங்கே கட்டமே கிடையாது.

படி 6: தாக்கியவரைப் பற்றி வரும் கதைகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

2016 ஜூன் 12, அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் பல்ஸ் என்ற தன்பாலீர்ப்பாளர் கிளப்பில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு 49 பேரைக் கொன்றான். முதல் நாள் எண்ணிக்கை 50 என்று வந்தது, சுட்டவனையும் சேர்த்து எண்ணியதால். அடுத்த நாட்களில், அவனே தன்பாலீர்ப்பாளன், அதை மறைத்து வாழ்ந்தவன், அந்தக் கிளப்புக்கு அடிக்கடி வந்தவன் என்றெல்லாம் செய்திகள் கிளம்பின. பார்த்தோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தேடியும் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2018-இல் அவன் மனைவி மீது நடந்த வழக்கில் கைபேசித் தரவுகள் வெளியே வந்தன. அன்றிரவு அவன் முதலில் டிஸ்னி நிறுவனத்தின் கடைவீதி வளாகத்துக்குப் போயிருக்கிறான், பிறகு நகரின் இரவு கிளப்புகளைப் பொதுவாகத் தேடியிருக்கிறான். மனைவி விடுதலையானார்.

"தன் பாலீர்ப்பை மனதுக்குள் அடக்கிவைத்தவன்" என்ற விளக்கம் அன்று பலருக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அதில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அப்படி ஒரு விளக்கம் மூன்றே நாளில் கைக்குக் கிடைத்தால் அதுவே நிதானிக்க வேண்டிய இடம்.

இதையும் மறந்துவிடக் கூடாது. அவன் எதைத் தேடிப் போனான் என்பது எப்படியிருந்தாலும், அன்று செத்தவர்களில் பெரும்பாலோர் தங்களுக்குப் பாதுகாப்பான இடம் என்று நம்பி அங்கே வந்த லத்தீன் இன இளைஞர்கள். அந்தச் சமூகத்தின் பயமும் இழப்பும் கொலையாளியின் நோக்கத்தைப் பொறுத்துக் கூடிக் குறைவதில்லை. காரணம் வேறு என்று தெரிந்ததும் "அப்படியானால் உங்களுக்கு என்ன கவலை?" என்று அவர்களைக் கேட்பது கொடுமை.

படி 7: பொய், வேறு காரணம், நிரூபிக்க முடியாதது என்று பிரித்துப் பாருங்கள்

மாட்ரிட் சம்பவம் நடக்காத தாக்குதல். அதைப் பொய் என்று சொல்லலாம்.

கென்யாவில் நடந்தது வேறு. 2023 ஜனவரியில் எல்டோரெட் நகருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் எட்வின் சிலோபாவின் உடல் கிடைத்தது. 25 வயது, உடை வடிவமைப்பாளர், பால்புதுமையர் உரிமைக்காக வெளிப்படையாகப் பேசியவர். வெறுப்புக் கொலையாகத்தான் இருக்கும் என்று உலகம் முழுக்கக் குரல் எழுந்தது. தன்பாலுறவுக்குச் சிறைத் தண்டனை உள்ள நாட்டில் அப்படி அஞ்சியது இயல்பு. அவரோடு தங்கியிருந்த, அவருடைய துணை என்று சொல்லப்பட்ட ஆணே கைதாகி, 2024 டிசம்பரில் 50 ஆண்டுத் தண்டனை பெற்றார். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. கொலை நடந்தது, காரணத்தைப் பற்றிய ஊகம்தான் தவறியது.

நீதிமன்றச் செய்திகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். 2019-இல் சிகாகோவில் தான் தாக்கப்பட்டதாகச் சொன்ன நடிகர் ஜஸ்ஸி ஸ்மோலெட், பொய்ப் புகார் கொடுத்தார் என்று 2021-இல் ஜூரி தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அவர் சொன்னது உண்மை என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. வழக்கைக் கைவிடுவதாக அரசுத் தரப்பு முன்பு ஒப்புக்கொண்டபின் மறுபடி வழக்குத் தொடுத்தது தவறு என்றுதான் சொன்னது. "விடுதலை" என்று தலைப்பு வந்தால் எந்தக் காரணத்தால் என்று பாருங்கள்.

ஒரு பொய்ப் புகார் வெளிப்பட்டதும் "எல்லாமே இப்படித்தான்" என்று கிளம்புவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2019-இல் சுமார் 1,40,000 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பை அவர்களுக்குக் காட்டுங்கள். உடல்ரீதியான, பாலியல்ரீதியான தாக்குதலுக்கு உள்ளானவர்களில் போலீஸுக்குப் போனவர்கள் 14 சதவீதம்தான். மீதிப்பேருடைய கதை செய்தியாகவே வருவதில்லை.

படி 8: உயிரோடு இருப்பவரைக் காட்டிக் கொடுக்காதீர்கள்

பெயர், படம், வீடு, வேலை செய்யும் இடம் எதையும் பகிராதீர்கள், மற்ற ஊடகங்கள் போட்டிருந்தாலும் சரி. தாக்கப்பட்டவர் தன் பாலீர்ப்பைத் தானாக வெளியில் சொல்லியிருக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியாது. வீட்டில் தெரியாமல் இருக்கலாம். அடித்தவர்களிடமிருந்து தப்பியவர், உங்கள் பதிவால் சொந்த வீட்டிலிருந்து துரத்தப்படக் கூடாது.

உகாண்டாவில் 2010 அக்டோபரில் ஒரு வாரப் பத்திரிகை, தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லிச் சிலருடைய பெயர்களையும் படங்களையும் போட்டு, தூக்கிலிடுங்கள் என்று எழுதியது. அதில் இருந்தவர் உரிமைச் செயல்பாட்டாளர் டேவிட் கட்டோ. அவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டு 2011 ஜனவரியில் வென்றார்கள். அதே மாதம் 26ஆம் தேதி அவர் வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். போலீஸ் கொள்ளை என்றது. கொன்றவருக்கு 30 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. அந்தப் பத்திரிகைக்கும் கொலைக்கும் நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் படத்தைப் போட்ட நாளிலிருந்து அவர் எத்தகைய பயத்தோடு வாழ்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தால், பகிர் பொத்தானுக்கு முன்னால் கை நிற்கும்.

படி 9: எழுதியே ஆக வேண்டும் என்றால்

ஒவ்வொரு வாக்கியத்திலும் சொன்னவரை வையுங்கள். இந்த மாதிரி இருக்கலாம்:

"இன்ன ஊரில் நேற்றிரவு ஓர் இளைஞர் தாக்கப்பட்டு மருத்துவமனையில் இருக்கிறார் என்று போலீஸ் உறுதி செய்திருக்கிறது. தாக்கியவர்கள் அவருடைய பாலீர்ப்பைச் சொல்லித் திட்டினார்கள் என்று உடனிருந்த நண்பர் கூறுகிறார். காரணம் பற்றிப் போலீஸ் இன்னும் எதுவும் சொல்லவில்லை. யாரும் கைதாகவில்லை. இது இன்று மாலை 6 மணி நிலவரம்."

இதில் கோபத்துக்கு இடமில்லையே என்று தோன்றலாம். கோபத்தை அடுத்த பத்தியில், உங்கள் கருத்தாக எழுதுங்கள். தகவலையும் கருத்தையும் ஒரே வாக்கியத்தில் கலக்காமல் இருந்தாலே போதும். "இந்தச் செய்தி படிக்கக் கஷ்டமாக இருந்தால் எங்களிடம் பேசுங்கள்" என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால் சேருங்கள். இப்படி ஒரு செய்தி வரும் இரவில் தூங்காமல் கிடப்பவர்கள் உங்கள் வாசகர்களிலும் இருப்பார்கள்.

அப்புறம், சம்பவம் நடந்த ஊரின் பெயரையும் அந்த ஊர் மொழியில் "நீதிமன்றம்" என்பதற்கான சொல்லையும் சேர்த்துக் கூகுள் அலர்ட் போட்டு வையுங்கள். நாட்காட்டியில் ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளிக் குறித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். புதிய விவரம் வந்தால் பழைய பதிவை நீக்காதீர்கள். நீக்கினால் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், திருத்தம் யாருக்கும் போய்ச் சேராது. அதே பதிவின் மேலே தேதி போட்டு, என்ன மாறியது, யார் சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். முதல் செய்தியை எந்தெந்தக் குழுக்களில் போட்டீர்களோ அந்தக் குழுக்கள் எல்லாவற்றிலும் திருத்தத்தையும் போடுங்கள்.